ஃபெடரல் பணியாளர் கோப்பு: துறை மாறும்போது எது கூட வரும், யார் பார்க்கலாம்?

அமெரிக்க ஃபெடரல் அரசில் ஒரு துறையை விட்டு இன்னொரு துறைக்குப் போகிறவர்களுக்கு முதலில் வரும் பயம் ஒன்றுதான்: "இங்கே நடந்ததெல்லாம் அங்கே தெரிந்துவிடுமா?" ஹெச்.ஆரைக் கேட்டால் "பிரைவசி ஆக்ட் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்பார்கள். பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டால் "எல்லாம் ஒரே கவர்ன்மென்ட்தானே, எல்லாருக்கும் தெரியும்" என்பார். இரண்டுமே பாதி உண்மை. எந்தத் தாள், யாரிடமிருந்து யாருக்கு, என்ன காரணத்துக்காகப் போகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும்.

"என் கோப்பு" என்றால் எது?

அதிகாரபூர்வ பணியாளர் கோப்பு, சுருக்கமாக ஓ.பி.எஃப். இப்போது பெரும்பாலான துறைகளில் அது மின்னணு வடிவில், இ-ஓ.பி.எஃப். என்ற பெயரில் இருக்கிறது. நியமனம், பதவி உயர்வு, சம்பள மாற்றம், விலகல் என ஒவ்வொன்றுக்கும் போடப்படும் எஸ்.எஃப்-50 படிவங்கள்தான் அதன் முதுகெலும்பு. வேலைக்கு விண்ணப்பித்த ரெஸ்யூமே, பதவி ஏற்பு உறுதிமொழி, மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு ஆகியவற்றின் படிவங்கள், ராணுவத்தில் இருந்திருந்தால் அதற்கான விடுவிப்புச் சான்று எல்லாம் அதில் இருக்கும்.

காகிதக் காலத்தில் இந்தக் கோப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. வலப்பக்கம் நிரந்தரத் தாள்கள், இடப்பக்கம் தற்காலிகத் தாள்கள். மின்னணு வடிவத்துக்கு வந்த பிறகும் இந்தப் பிரிவினை அப்படியே தொடர்கிறது. உங்களைப் பற்றிய ஒரு தாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

எது அதில் கிடையாது என்பதும் முக்கியம். மருத்துவக் கோப்பு தனி. பாதுகாப்புப் பின்னணி விசாரணைக் கோப்பு தனி. பாகுபாடு குறித்து நீங்கள் கொடுத்த இ.இ.ஓ. புகாரின் கோப்பும் தனி. இவற்றில் எதையும் பணியாளர் கோப்போடு சேர்த்துக் கட்டி அனுப்பக் கூடாது.

கோப்பு என் துறைக்குச் சொந்தமா, எனக்குச் சொந்தமா?

இரண்டும் இல்லை. ஃபெடரல் விதித்தொகுப்பின் 5ஆம் தலைப்பு, 293ஆம் பகுதியின்படி அது பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின், அதாவது ஓ.பி.எம்.மின் சொத்து. உங்கள் துறை அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் நீங்கள் துறை மாறும்போது புதிய கோப்பு திறப்பதில்லை. பழைய கோப்பே உங்கள் பின்னால் வருகிறது. அதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. இதை ரகசியக் கசிவு என்று நினைக்க வேண்டாம், ஏற்பாடே அப்படித்தான்.

அப்படியானால் பிரைவசி ஆக்ட் எதைத் தடுக்கிறது?

வாட்டர்கேட் ஊழலின் சூடு தணியாத 1974 டிசம்பர் 31 அன்று அதிபர் ஃபோர்ட் கையெழுத்திட்ட சட்டம் அது. அரசு தன் குடிமக்களைப் பற்றிச் சேர்த்து வைக்கும் தகவலைக் கண்டபடி கைமாற்றக் கூடாது என்ற கவலையில் பிறந்தது. அடிப்படை விதி எளிமையானது: ஒருவருடைய பெயராலோ எண்ணாலோ தேடி எடுக்கப்படும் பதிவை, அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் யாருக்கும் தரக் கூடாது. இன்னொரு அரசுத் துறைக்கும் கூடாது.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு இந்தச் சட்டத்தின் உயிர். "எல்லாம் ஒரே அரசாங்கம்தானே" என்ற வாதத்தை இந்தச் சட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு துறை இன்னொரு துறைக்கு அந்நியம் என்றுதான் அது தொடங்குகிறது. பிறகு பன்னிரண்டு விதிவிலக்குகளைச் சொல்கிறது. யார் தகவல் கேட்டாலும் அந்தப் பன்னிரண்டில் எதைக் காட்டிக் கேட்கிறார் என்பதே கேள்வி.

என் துறைக்குள்ளேயே யார் யார் பார்க்கலாம்?

தங்கள் கடமையைச் செய்ய அந்தப் பதிவு தேவைப்படுகிறவர்கள் பார்க்கலாம். இது முதல் விதிவிலக்கு. சம்பளப் பிரிவு, உங்களைத் தேர்வு செய்யும் அதிகாரி, ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளும் வழக்கறிஞர் ஆகியோர் இதில் வருவார்கள். ஆர்வத்துக்காகத் திறந்து பார்க்கும் சக ஊழியர் வரமாட்டார், அவர் ஹெச்.ஆரிலேயே வேலை பார்த்தாலும் சரி. பதவி உயரமாக இருப்பதால் மட்டும் தேவை வந்துவிடாது.

ஒரு பெரிய துறைக்குக் கீழே பல அமைப்புகள் இருந்தால், அந்தத் துறை முழுவதையும் ஒரே அமைப்பாகக் கருதி இந்த விதிவிலக்கைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் தேவை என்ற நிபந்தனை அங்கும் விட்டுப்போவதில்லை.

"ரொட்டீன் யூஸ்" என்று ஹெச்.ஆர். சொல்கிறதே, அது என்ன?

துறைகளுக்கிடையே நடக்கும் பெரும்பாலான பகிர்வு இந்த வாசல் வழியாகத்தான் போகிறது. ஒரு தகவல் எந்த நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டதோ, அதற்குப் பொருந்தும் நோக்கத்துக்காக அதை வெளியே தரலாம். ஆனால் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். எந்தெந்தப் பதிவுகளை வைத்திருக்கிறோம், யாருக்கெல்லாம் எதற்காகத் தருவோம் என்பதை ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியிட வேண்டும். புதிய பயன்பாட்டைச் சேர்ப்பதாக இருந்தால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுத்தாக வேண்டும்.

பணியாளர் கோப்புக்கான அறிவிப்பின் பெயர் ஓ.பி.எம்./கவ்ட்-1. மதிப்பீட்டுப் பதிவுகளுக்கு கவ்ட்-2, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளுக்கு கவ்ட்-3, மருத்துவக் கோப்புக்கு கவ்ட்-10. இவை அரசு முழுமைக்கும் பொதுவானவை. ஒரு மாலை உட்கார்ந்து கவ்ட்-1 அறிவிப்பைப் படித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். படித்தால் வியப்பாக இருக்கும். உதாரணமாக, உங்களை வேலைக்கு எடுக்க நினைக்கும் ஒரு தனியார் கம்பெனிக்கு, நீங்கள் எவ்வளவு காலம் அரசில் இருந்தீர்கள், எந்த வகைப் பணியில் இருந்தீர்கள், எந்தத் தேதியில் எந்த வகையில் விலகினீர்கள் என்பதைச் சொல்ல அதில் இடம் இருக்கிறது. "வகை" என்பது எஸ்.எஃப்-50இல் உள்ளபடிதான்: ராஜினாமா என்றால் ராஜினாமா, பணிநீக்கம் என்றால் பணிநீக்கம். விலகும்போது அந்தப் படிவத்தில் என்ன வார்த்தை போடுகிறார்கள் என்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

புதிய துறை என்னை எடுப்பதற்கு முன்பே என்னைப் பற்றிக் கேட்குமா?

கேட்கும். எஸ்.எஃப்-75 என்று ஒரு படிவம் உண்டு. உங்களுக்கு முதற்கட்ட வேலை உத்தரவு (இறுதி உத்தரவு அல்ல) வந்த பிறகு புதிய துறையின் ஹெச்.ஆர். பழைய துறையின் ஹெச்.ஆருக்கு அதை அனுப்பும். சம்பளம், கிரேடு, பணிக்காலக் கணக்குத் தேதி, விடுப்பு இருப்பு, ஓய்வூதியத் திட்டம், காப்பீடு, தகுதிகாண் காலம் முடிந்ததா என்பவற்றையெல்லாம் அதில் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். கோப்பு கைக்கு வருவதற்குள் உங்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்க இந்தத் தகவல் வேண்டும், அதனால் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்தத் தொடர்பின்போதே ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பல துறைகள் விசாரிப்பதும் உண்டு.

இதில் ஊழியர்கள் கவனிக்காமல் விடுவது, தவறான தகவலும் இதே வழியில் போகும் என்பதை. பணிக்காலத் தேதி ஒரு வருடம் தள்ளிப் பதிவாகியிருந்தால், புதிய துறையில் உங்கள் விடுப்பு சேரும் வேகமே மாறிவிடும். அந்தப் பிழையைக் கிளம்புவதற்கு முன்பு சரிசெய்வது சுலபம். கிளம்பிய பிறகு இரண்டு ஹெச்.ஆருக்கு நடுவில் நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

எனக்குக் கொடுத்த கண்டனக் கடிதம் கூடவே போகுமா?

கண்டனக் கடிதம் தற்காலிகத் தாள், அதாவது இடப்பக்கத் தாள். கோப்பை இன்னொரு துறைக்கு அனுப்பும் முன் தற்காலிகத் தாள்களைப் பிரித்து எடுத்துவிடுவது நடைமுறை. எனவே சாதாரணமாக அது கூடப் போகக் கூடாது. ஆனால் பணி இடைநீக்கம், பதவி இறக்கம், பணிநீக்கம் போன்றவற்றுக்கு எஸ்.எஃப்-50 போடப்படும்; அது நிரந்தரப் பக்கத்தில் உட்காரும், எங்கே போனாலும் கூட வரும்.

பிரித்து எடுக்கும் வேலையை மனிதர்கள்தான் செய்கிறார்கள். எடுக்க வேண்டிய கடிதம் எடுக்கப்பட்டதா என்பதை நீங்களே இ-ஓ.பி.எஃபில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரணை நடக்கும்போதே ராஜினாமா செய்துவிட்டால் தப்பித்துவிடலாமா?

முன்பு அப்படி நடந்ததுண்டு. ஒரு துறையில் விசாரணை முடிவதற்குள் விலகி, இன்னொரு துறையில் ஒன்றும் தெரியாதவர்போல் சேர்ந்துவிடுவார்கள். 2016 இறுதியில் வந்த சட்டத்திருத்தம் இதை மாற்றியது. விசாரணை நிலுவையில் இருக்கும்போது விலகியவர் மீது, பிறகு பாதகமான முடிவு எட்டப்பட்டால், அதை அவருடைய கோப்பில் நிரந்தரமாகக் குறித்து வைக்க வேண்டும். அதற்கு முன் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். தகுதி முறைப் பாதுகாப்பு வாரியத்தில், அதாவது எம்.எஸ்.பி.பி.யில் மேல்முறையீடும் செய்யலாம். வீட்டு முகவரி மாறியதால் அந்த நோட்டீஸ் கைக்கு வராமல் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. விலகும்போது சரியான முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆண்டு மதிப்பீடுகள்?

கடைசி நான்கு ஆண்டுகளின் மதிப்பீடுகளைக் கோப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது விதி. உயர் நிர்வாகப் பணியில் இருப்பவர்களுக்கு ஐந்து ஆண்டுகள். அதற்கு முந்தையவை போகக் கூடாது.

மருத்துவத் தகவல்?

உடல்நலம் சார்ந்த தகவலைத் தனிக் கோப்பில், தனிப் பூட்டில் வைக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டங்களின் கட்டளையும்கூட. வேலை இடத்தில் சலுகை கேட்டு நீங்கள் கொடுத்த மருத்துவர் கடிதம் பணியாளர் கோப்புக்குள் இருக்கவே கூடாது. இருப்பதைப் பார்த்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள். போதை, குடிப் பழக்கத்துக்கு ஊழியர் உதவித் திட்டத்தின் வழியே சிகிச்சை பெற்றிருந்தால் அதற்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு உண்டு.

பழைய மேலதிகாரி போனில் என்னைப் பற்றிப் பேசினால்?

கசப்பான பதில்: பெரும்பாலும் பிரைவசி ஆக்ட் இதைப் பிடிக்காது. கோப்பிலிருந்து எடுத்த தகவலைத்தான் சட்டம் காக்கிறது. மேலதிகாரி தன் மனதில் இருப்பதை, தான் நேரில் கண்டதைச் சொன்னால் அது பதிவிலிருந்து எடுத்ததாகாது என்றே நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. அவர் உங்கள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படித்துக் காட்டினால் கதை வேறு.

இந்த ஓட்டைக்கு ஒரு மாற்று உண்டு. வழக்கையோ புகாரையோ சமரசமாக முடிக்கும்போது, விசாரிப்பவர்களுக்கு ஹெச்.ஆர். மட்டுமே பதில் சொல்லும், இன்ன தகவலை மட்டுமே சொல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் இதைச் சேர்க்காமல் விடமாட்டார்கள்.

பின்னணி விசாரணை, போலீஸ் விசாரணை என்று கேட்டால்?

பின்னணி விசாரணைப் படிவத்தில் நீங்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதனால் அந்த வாசல் ஏற்கெனவே திறந்தது. சட்ட அமலாக்க அமைப்பு தனியாகக் கேட்பதாக இருந்தால், அதன் தலைவர் எழுத்தில், எந்தப் பகுதி வேண்டும், எந்தச் சட்ட நடவடிக்கைக்காக என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். போனில் "அனுப்பிவையுங்கள்" என்பது இந்த விதிவிலக்குக்குப் போதாது.

இரண்டு துறைகளின் கணினிப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்து நடவடிக்கை எடுக்கலாமா?

1988இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சம்பளப் பட்டியலை உதவித்தொகைப் பட்டியலோடோ, கடன் பாக்கிப் பட்டியலோடோ ஒப்பிட வேண்டுமானால் இரு துறைகளும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு 18 மாதம் ஆயுள், ஒரு வருடம் நீட்டிக்கலாம். இப்படி ஒப்பிடும் ஒவ்வொரு துறையிலும் இதை ஆராய ஒரு வாரியம் இருக்க வேண்டும். கணினியில் பெயர் பொருந்திவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவருடைய சம்பளத்திலோ உதவியிலோ கை வைக்கக் கூடாது. தனியாகச் சரிபார்த்து, அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, மறுப்புச் சொல்லப் பொதுவாக 30 நாள் தர வேண்டும். ஒரே பெயரில் பலர் இருக்கும் நாட்டில் இது எவ்வளவு பெரிய காப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2025இல் அரசுச் செலவைக் குறைக்க அதிபர் டிரம்ப் அமைத்த டோஜ் குழுவினர் ஓ.பி.எம். கணினிகளுக்குள் நுழைந்தார்களே, அது சட்டப்படி சரியா?

அந்த ஆண்டு மார்ச் 20 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த 14243 எண் ஆணை, துறைகளுக்கிடையேயான தகவல் தடுப்புகளை நீக்கச் சொன்னது. ஆனால் அதிபர் ஆணை நாடாளுமன்றச் சட்டத்தை மாற்றாது. 1974 சட்டத்தின் விதிவிலக்குகளில் ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும். டோஜ் விஷயத்தில் காட்டப்பட்டது முதல் விதிவிலக்கு: கடமைக்குத் தேவை. பிப்ரவரியிலேயே ஏ.எஃப்.ஜி.இ. உள்ளிட்ட ஃபெடரல் ஊழியர் சங்கங்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டிருந்தன. ஜூன் 9 அன்று நீதிபதி டெனிஸ் கோட் சங்கங்களின் பக்கம் நின்று இடைக்காலத் தடை கொடுத்தார். இன்னொரு பக்கம், மேரிலாந்து நீதிமன்றம் வேறொரு வழக்கில் கொடுத்திருந்த தடையை ஆகஸ்டில் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கியது. நீதிபதிகளே இரு வேறாகப் பார்க்கிறார்கள்.

என் கருத்தை ஒளிக்கவில்லை: லட்சக்கணக்கானவர்களின் பதிவை மொத்தமாகத் திறந்துவிட்டு "தேவை" என்று சொல்வது அந்தச் சொல்லையே வெறுமையாக்கிவிடும். இதே ஓ.பி.எம்.மில் நடந்து 2015இல் வெளிச்சத்துக்கு வந்த ஊடுருவலில் 42 லட்சம் பேரின் பணியாளர் பதிவுகளும், 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்களும் திருடு போயின. 56 லட்சம் பேரின் கைரேகைகளும் அதில் அடக்கம். கடவுச்சொல்லை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது.

பொதுமக்கள், பத்திரிகைகள், தொழிற்சங்கம், நாடாளுமன்ற உறுப்பினர்?

உங்கள் பெயர், பதவி, கிரேடு, சம்பளம், பணி இடம் ஆகியவை பொதுவாக யார் கேட்டாலும் தரப்படக்கூடியவை. வீட்டு முகவரியும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அதில் சேராது. சங்கத்துக்குக்கூட உறுப்பினர் அல்லாதவர்களின் வீட்டு முகவரியைத் தரக் கூடாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றக் குழு தன் வரம்புக்குட்பட்ட விஷயத்தில் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். தனி உறுப்பினர் ஒருவர், நீங்கள் அவரிடம் உதவி கேட்டிருந்தால்தான் பெற முடியும்.

என் பதிவை யாருக்குக் கொடுத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கேளுங்கள். இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குத் தீராத வருத்தம். வெளியே தரும் ஒவ்வொரு முறையும் தேதி, தன்மை, நோக்கம், பெற்றவரின் பெயர், முகவரி ஆகியவற்றைத் துறை கணக்கில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். துறைக்குள்ளேயே தேவைக்காகப் பார்த்ததும், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கொடுத்ததும் இதில் வராது. சட்ட அமலாக்க அமைப்பு எழுத்தில் கேட்டு வாங்கியதை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். மற்றதெல்லாம் காட்ட வேண்டும்.

துறையின் பிரைவசி அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். "பிரைவசி ஆக்ட், பிரிவு 552ஏ(சி)யின் கீழ், கவ்ட்-1 பதிவுத் தொகுப்பிலிருந்து என்னைப் பற்றி வெளியே தரப்பட்டவற்றின் கணக்கு வேண்டும்" என்று எழுதி, அடையாளச் சான்று இணையுங்கள்.

பதிவில் தவறு இருந்தால்?

திருத்தம் கேட்டு எழுதலாம். பத்து வேலை நாளுக்குள் கிடைத்தது என்றாவது பதில் வர வேண்டும். மறுத்தால் மேலிடத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கு 30 வேலை நாள். அங்கும் மறுத்தால், ஏன் உடன்படவில்லை என்று ஒரு குறிப்பை எழுதிக் கோப்பில் சேர்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதன் பிறகு அந்தப் பதிவு எங்கே போனாலும் உங்கள் குறிப்பும் கூடப் போக வேண்டும். ஏற்கெனவே பெற்றவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அவர்கள் யார் என்பது மேலே சொன்ன கணக்கில் இருக்கும்.

தேதி, கிரேடு, நடந்தது நடக்காதது போன்ற உண்மைகளைத்தான் இப்படித் திருத்த முடியும். "எனக்குக் கொடுத்த மதிப்பீடு நியாயமில்லை" என்பதற்கு இது வழியல்ல. அதற்குக் குறைதீர்ப்பு முறை இருக்கிறது.

சட்டத்தை மீறிப் பகிர்ந்தால் நஷ்டஈடு கிடைக்குமா?

கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது; கிடைப்பது கடினம் என்று தீர்ப்புகள் சொல்கின்றன. மீறல் வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகையான 1,000 டாலரைப் பெறக்கூட உண்மையான இழப்பைக் காட்ட வேண்டும் என்று 2004இல் டோ எதிர் சாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012இல் இன்னும் ஒரு படி போனது. விமானப் போக்குவரத்துத் துறையும் சமூகப் பாதுகாப்பு அமைப்பும் தங்களுக்குள் பதிவுகளை ஒப்பிட்டதில் ஒரு விமானியின் நோய் விவரம் வெளியானது. அவர் கேட்டது அவமானத்துக்கும் மன வேதனைக்குமான ஈடு. "உண்மையான இழப்பு" என்பது பண இழப்பு மட்டுமே என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்துவிட்டார்கள். தனியுரிமை பறிபோனவருக்கு ஏற்படும் முதல் இழப்பே மன வேதனைதான். அதைக் கணக்கில் எடுக்காத சட்டத்தை நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

வழக்குப் போட இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. தெரிந்தே சட்டவிரோதமாகத் தகவல் தரும் அதிகாரிக்கும், பொய் சொல்லித் தகவல் வாங்குபவருக்கும் 5,000 டாலர் வரை அபராதம்.

நான் மாநில அரசு ஊழியர். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தாது. இது ஃபெடரல் நிர்வாகத் துறைகளுக்கான சட்டம். உங்கள் மாநிலத்தின் பணியாளர் பதிவுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

துறை மாறுவதற்கு முன் நான் செய்ய வேண்டியது?

கடைசி நாளன்று உங்கள் கணக்கு முடக்கப்பட்டுவிடும், பிறகு பழைய துறையின் இ-ஓ.பி.எஃப். திறக்காது. அதற்குள் எல்லா எஸ்.எஃப்-50 படிவங்களையும் கடைசி நான்கு மதிப்பீடுகளையும் இறக்கிச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பணிக்காலத் தேதியை ஒருமுறை விரல் வைத்துச் சரிபாருங்கள். தற்காலிகப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதிய துறையில் சேர்ந்த சில வாரங்களில் கோப்பு வந்துசேர்ந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அரசை விட்டே போகிறவர்களின் கோப்பு தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்குப் போய்விடும். பிறகு வேண்டுமென்றால் அங்கே கையெழுத்திட்டுக் கடிதம் எழுதித்தான் பிரதி வாங்க வேண்டும்.